ஈர்க்கு

கழுத்து அட்டையில் 'சாப்ளின்' என்று அடித்திருந்தார்கள்.
பதிவு மேசையிலேயே தொடங்கிவிட்டது:
"தொப்பி எங்க ஐயா? கைத்தடி? அந்தச் சின்ன மீசை?"
கோப்பாய்ப் பெடியளுக்கு என் பேச்சே பாதிச் சிரிப்பு.
"வாங்க, உக்காருங்க" என்றால்
தங்களுக்குள் சொல்லிப் பார்ப்பார்கள்.
பொகவந்தலாவையிலிருந்து பதினொரு மணித்தியாலம்;
என் முழங்கால் இன்னும் பஸ்சுக்குள்தான் இருந்தது.

லூத்தரன் வாலிபர் மாநாடு, மூன்று நாள்.
எனக்குத் தந்தது பள்ளிக்கூடத்தின் விளையாட்டுச் சாமான் அறை.
இரண்டு கதிரை, ஒரு வேதாகமம்,
காற்றுப் போன பந்துகள் ஏழு,
கதவில் ஒரு தாள்: மனம் திறந்து பேசலாம்.

முதல் நாள் வந்தவர்கள்:
போனுக்குச் சார்ஜர் கேட்டு ஒருத்தி,
குளவி கொட்டிய விரலோடு ஒருவன்,
பந்து எடுக்க வந்து, என்னைக் கண்டு,
மன்னிப்புக் கேட்டுத் திரும்பிய இருவர்.
மன்னித்தேன். அன்றைய ஊழியம் அவ்வளவுதான்.

இரண்டாம் இரவு கரண்ட் போயிற்று.
முற்றத்தில் இருமிக்கொண்டிருந்த ஜெனரேற்றரை விட்டு
அதைப் பார்த்துக்கொள்கிற யோவேல் வந்தான்.
உட்காரவில்லை. கையெல்லாம் பெற்றோல் மணம்.
"எனக்கு ஜெபிக்கத் தெரியாது ஐயா.
ஆரிட்டயாவது சொல்லோணும்."
செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு வரச் சொன்னானாம் ஏஜென்சிக்காரன்.
முதலில் ஒரு நாடு, பிறகு இன்னொன்று, கடைசியில் பிரான்ஸ்.
எனக்கு அது செய்தியல்ல.
மாநாட்டில் பாதிப் பேர் மனதால் ஏறிவிட்டவர்கள்.
"அதில்லை ஐயா. அம்மான்ர தோடு.
நான்தான் அடகு வைச்சனான்.
கிணத்தடியில விழுத்திப்போட்டன் எண்டு
மூண்டு கிழமையா அவ தேடுறா.
நானும் சேந்து தேடினனான்."

அந்த நேரம் பார்த்து ஜெனரேற்றர் நின்றது.
பழக்கத்தில் ஓரடி வைத்தவன்
ஓடாமல் நின்றான்.

தனி அறிக்கை, பாவமன்னிப்பு:
இறையியல் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்தது.
பத்தொன்பது வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை.
இருட்டில் வாக்கியம் வாக்கியமாகத் தடவி எடுத்தேன்.
தலையில் கை வைத்தேன். நனைந்திருந்தது.
"அம்மாகிட்ட சொல்லிடுங்க தம்பி" என்றேன்,
எல்லாம் முடிந்த பிறகு.
முன்னமே கேட்டிருக்க வேண்டும். ஒழுங்கு பிசகிவிட்டது.
"போய்ச் சேந்து போனில சொல்லுறன்."

விடியச் சமையல் கொட்டிலில்
இடியப்பத் தட்டுகளுக்கு மேல் ஆவி.
சொதி ஊற்றியவளின் காதுத் துளைகளில்
இரண்டு ஈர்க்குத் துண்டு.
"பெடியன் உங்களோட கனநேரம் கதைச்சவனாம்.
ஒருத்தரோடயும் கதையாதவன்."
பிறகு அகப்பையை வைத்துவிட்டு:
"என்ர தோட்டுக்கும் ஒருக்கா ஜெபிச்சுவிடுங்கோ ஐயா.
மனிசன் இருக்கேக்க செய்து தந்தது."

எல்லாப் பெண்களும் தலை குனிந்தார்கள்,
ஒருத்தி மாப்பிசைந்த கையோடு.
கிணற்றடியில் என்றால் பொய்.
எங்கிருந்தாலும், என்று தொடங்கினேன்.
எங்கிருந்தாலும், ஆண்டவரே, திரும்பக் கிடைக்கப்பண்ணும்.
என் வாய் மூடுமுன் அவள் ஆமென் வந்தது.
நான் எதைக் கேட்டேனென்று அவளுக்குத் தெரியாது.
எனக்கும் முழுதாகத் தெரியாது.

நிறைவு ஆராதனையில் ஆசீர்வாதத்துக்குக் கை உயர்த்த
மைக் கீச்சிட்டது.
யோவேல் குனிந்தபடி ஓடிவந்து வயரை அசைத்தான்.
என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

றோட்டுக்கரையில் பையை ஏற்றிவிட்டு
"போட்டு வாறன் ஐயா" என்றான்.
பஸ்சில் ஏறியது நான்.

ஆனையிறவு. உப்பு வெளி. கழுத்து அட்டையைப் படித்த கண்டக்டர்
என் மேலுதட்டைப் பார்த்துச் சிரிக்கிறான்.
மடியில் அவள் தந்த பனங்கட்டிக் குட்டான்,
ஓலை வாயை மடித்து
ஈர்க்கால் குத்தியிருக்கிறாள்.
இழுத்தால் திறந்துவிடும்.
மாங்குளம் போய்விட்டது,
விரல் அதன் மேலேயே இருக்கிறது.